மகளை ஏன் டொக்டரிடம் கூட்டிப் போனீர்கள்?

கேள்வி: சுவிஸில் பேர்னுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் வந்து 18 வருடம். எல்லோருக்கும் சி விசாதான் (நிரந்தர வதிவிட அனுமதி), பிரஜாவுரிமை எடுக்கவில்லை. மகளுக்கு 14 வயது. முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, தமிழில் கேட்டால் டொச்சில் (ஜெர்மன் மொழியில்) பதில், எந்நேரமும் அறைக்கதவு சாத்தியபடி. பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் பனிச்சறுக்கு முகாமாம், போயே தீருவாளாம். ஒரு வருடம் யாழ்ப்பாணத்தில் என் அம்மாவிடம் விட்டால் திருந்துவாளா? முந்தி இப்படி இல்லை. மாசியில் என் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆஸ்பத்திரி போனபோதுகூட லீவு போட்டு வந்து எல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னாள். இவர் கீழே காரில் இருந்தார்.

பதில்: தங்கச்சி, யாழ்ப்பாணப் பேச்சை விடுங்கள். முன்கூட்டி அனுமதி எடுக்காமல் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அவளுடைய விசாவே போய்விடும்.

நான் கேட்க நினைப்பது மாசி மாதத்தைப் பற்றி.

இரத்தம் எத்தனை நாள் போகிறது, கணவரோடு இருக்கும்போது வலிக்கிறதா என்றெல்லாம் டொக்டர் கேட்டிருப்பார். அதைத் தமிழில் உங்களிடம் கேட்டது யார்? உங்கள் பதிலை டொச்சில் சொன்னது யார்? கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தால், அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை தனியே தவித்திருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் வெள்ளைக்காரப் பழக்கம் தொற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள்.

காப்புறுதிக் கடிதம், நகரசபைக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன், இதெல்லாமும் அவள் தலையில்தான் என்று அடித்துச் சொல்வேன். வீட்டுக்கே பெரிய மனுஷியாக்கிவிட்டு, முகாமுக்கு மட்டும் சின்னப் பிள்ளையா?

பெற்றவர்களைப் பிள்ளை தாங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அது அவள் உழைக்கும் வயதில். 14 வயதில் தாங்க வேண்டியவர்கள் நீங்கள். காரில் இருந்த மனிதரும்தான். பெண்கள் சமாசாரம் என்று அவர் ஒதுங்கினாராக்கும். மகளும் பெண்தான், ஆனால் பிள்ளை.

வேலையிடத்தில் சுற்றிவரத் தமிழர், வகுப்பில் படிப்பது ஒரு டொச், கடையில் காதில் விழுவது வேறொரு டொச் என்பீர்கள். இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. பேர்ன்காரர்களின் பேச்சு கஷ்டம்தான். ஆனால் வகுப்பில் படித்த டொச்சில் கதையுங்கள் என்று கேட்டால் டொக்டர் கதைப்பார். 2018 முதல் பிரஜாவுரிமைக்குச் சட்டம் கேட்பது பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 என்ற மொழித் தேர்ச்சி மட்டங்கள்தான் (ஏ1 தொடக்க மட்டம், சி2 உச்ச மட்டம்). எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று சொல்ல அது தாராளமாகக் காணும். வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போங்கள், இவரையும் இழுத்துக்கொண்டு. மகள் தமிழ் கதைக்கவில்லை என்று குறைப்பட அப்புறம் உங்களுக்கு வாய் இருக்கும். இவ்வளவு நாளும் தமிழ் அவளுக்கு வேலையாக அல்லவா இருந்திருக்கிறது!

முகாம் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். பனிச்சறுக்கு உடுப்பும் சப்பாத்தும் வாடகைக்குக் கிடைக்கும், புதிதாக வாங்கத் தேவையில்லை.

அடுத்த ஆஸ்பத்திரித் தவணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஏற்பாடு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். அந்தப் போனையும் மகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்த டொச்சில் நீங்களே எடுங்கள்.