தாயின் தட்டும் குழந்தையின் குடலும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு இது 5-ஆம் மாதம். கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிடுவதுதான் பிள்ளையின் வயிற்றை ஆயுள் முழுவதும் தீர்மானிக்கிறது என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், இரவில் தோசை. இதுதான் என் சாப்பாடு. கடைகளில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய) பொடியை வாங்கிச் சாப்பிட வேண்டுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தக் காணொளி பாதி உண்மையைச் சொல்லி, மீதியை அச்சத்தால் நிரப்பியிருக்கிறது. தாயின் உணவுக்கும் குழந்தையின் குடலுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிலும் குரங்குகளிலும் நடந்தவை. மனிதர்களிடம் செய்யப்பட்டவை குறைவு, அளவிலும் சிறியவை. ஆயுள் முழுவதையும் தாயின் ஒன்பது மாதச் சாப்பாடு தீர்மானித்துவிடுகிறது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

தாய் உண்பது நேரடியாகக் கருவின் குடலுக்குப் போய் அங்கே நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நஞ்சுக்கொடிக்குள் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று 2014-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னதும் இந்த எண்ணம் வலுப்பெற்றது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 500-க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்தார்கள். பிரசவத்தின்போது ஒட்டியவற்றையும், ஆய்வகப் பொருள்களிலிருந்து கலந்த மாசுகளையும் கழித்துப் பார்த்தபோது அங்கே நிலையான நுண்ணுயிர்க் கூட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். ஆகவே பிறக்கும் வரை குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் குடியேறுவதில்லை என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

அப்படியானால் தாயின் உணவு எந்த வழியில் குழந்தையை எட்டுகிறது? நாம் உண்ணும் நார்ச்சத்தை நம் உடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை தாயின் இரத்தத்தில் கலந்து, ஓரளவு கருவையும் சென்றடைகின்றன. நார்ச்சத்து குறைந்த தீவனம் தின்ற கர்ப்பிணி எலிகளின் குட்டிகள் பிற்காலத்தில் எளிதில் பருத்துப்போனதையும், அந்தத் தாய் எலிகளுக்குப் புரோப்பியோனேட் கொடுத்தபோது குட்டிகளிடம் அந்தப் பாதிப்பு தடுக்கப்பட்டதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்த ஆய்வு இதைவிட வியப்பானது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட கர்ப்பிணி எலிகளின் குடலில், சில நாட்களில் தானாக மறைந்துவிடும்படி மாற்றியமைத்த பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். பிரசவத்துக்கு முன்பே அது மறைந்துவிட்டதால் குட்டிகளும் நுண்ணுயிர் இல்லாமலே பிறந்தன. ஆனாலும் அவற்றின் குடலில் நோய்த் தடுப்பு அணுக்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன. தாயின் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய பொருள்கள், அவளுடைய எதிர்ப்புரதங்களின் (ஆன்டிபாடிகளின்) துணையோடு குட்டிகளை அடைந்து, பிறப்பதற்கு முன்பே குடலைத் தயார்செய்திருந்தன. 2016-இல் வெளியான இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் கிருமிகள் கடந்து வராமலே அவற்றின் பயன் மட்டும் கடந்து வர முடியும் என்பதை இது தெளிவாகக் காட்டியது.

கொழுப்பு மிகுந்த உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மக்காக் குரங்குகளில் ஒரு பிரிவுக்குக் கலோரியில் 36 விழுக்காடு கொழுப்பிலிருந்து கிடைக்கும்படி கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உணவு கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகளின் குடல் நுண்ணுயிர்கள் மாறியிருந்தன. பால் மறந்தபின் குட்டிகளுக்குச் சாதாரண உணவு கொடுத்தும் அந்த மாற்றம் ஓரளவே சரியானது. தாய்க்குரங்கு பருமனாக இருந்ததா என்பதைவிட, அது என்ன தின்றது என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. பருத்த உடல்வாகுள்ள கர்ப்பிணிகளை உறவினர்கள் ஓயாமல் குறைசொல்வதைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வரும்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியவற்றில் கெடுதலானது எதுவும் இல்லை, குறைவது நார்ச்சத்து. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்துதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டாலும் 9 கிராமைத் தாண்டாது. உங்களுக்குத் தேவைப்படுவதோ 2000 கலோரிக்குச் சுமார் 30 கிராம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராமும், முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராமும் இருக்கின்றன. ஆகையால் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால், அதாவது ஊறவைப்பதற்கு முன் 40 கிராம் கடலை எடுத்தால், அதிலேயே 10 கிராம் கிடைத்துவிடும். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதிலாக வாரத்தில் சில நாட்கள் வாழைத்தண்டுப் பொரியல், முருங்கைக்கீரை, அவரைக்காய் என மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் சில நாட்கள் கேழ்வரகு அடையோ கம்பு தோசையோ இருக்கட்டும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

புரோபயாட்டிக் பொடியை நீங்களாக வாங்க வேண்டாம். ஒவ்வாமை நோய் வலுவாக உள்ள குடும்பங்களில் மட்டும், குழந்தைக்கு வரும் கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோயைக் குறைக்க மருத்துவர்கள் சில வகைகளைப் பரிசீலிப்பது உண்டு. மற்றபடி, கர்ப்பகால நீரிழிவைத் தடுப்பதற்காகப் புரோபயாட்டிக் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், ப்ரீ-எக்லாம்ப்சியா என்னும் ஆபத்தான இரத்த அழுத்தக் கோளாறு அந்தப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டில் காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிர் உங்களுக்குப் போதும்.

கேள்வி: என் மகளுக்குச் சிசேரியன் செய்து குழந்தை பிறந்து பத்து நாட்கள் ஆகின்றன. சுகப்பிரசவம் இல்லாததால் குழந்தைக்கு நல்ல கிருமிகள் கிடைத்திருக்காது, வயிறு கெட்டுப்போகும் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடந்திருக்கின்றன. உங்கள் மகளைப்போல் இலட்சக்கணக்கான தாய்மார் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். சிசேரியன் குழந்தைகளின் குடலில் தொடக்கத்தில் பாக்டீராய்ட்ஸ் என்னும் குடல் பாக்டீரியா வகை குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் சுமார் 600 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, 6 முதல் 9 மாதங்களுக்குள் வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது தாய்ப்பால் கொடுப்பதுதான். குழந்தையால் செரிக்க முடியாத சிறப்புச் சர்க்கரைகள் தாய்ப்பாலில் ஏராளமாக இருக்கின்றன. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் அவற்றுக்குத்தான். குழந்தையின் குடலில் பைஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல நுண்ணுயிர்கள் அவற்றை உண்டுதான் பெருகுகின்றன. பத்தியம் என்ற பெயரில் காய்கறியையும் பருப்பையும் நிறுத்திவிட்டு, பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் மகளுக்குக் கொடுக்காதீர்கள்; பாலூட்டும் தாய்க்குக் கர்ப்பிணியைவிடவும் கூடுதல் உணவு தேவை. பாலூட்டுவதில் சிரமம் இருந்தாலோ, மகளின் அழுகை நிற்காமல் தொடர்ந்தாலோ பிரசவம் பார்த்த மருத்துவரிடம் தாமதிக்காமல் அவரை அழைத்துச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருகிறது. நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி மட்டும் குடிக்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதே தேசிய ஆய்வில், தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதைக் கேழ்வரகால் மட்டும் சரிசெய்ய முடியாது. மாத்திரையைக் காபி, தேநீர், பால் ஆகியவற்றோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மலம் கருத்துப் போவது இயல்பு, அதற்காக அஞ்ச வேண்டாம்.

மலச்சிக்கலுக்குக் கஞ்சியைவிடக் கொய்யாப்பழமும், கீரையும், முளைகட்டிய பயறும் நல்லவை. முளைகட்டினால் இரும்புச்சத்தை உடல் ஏற்பதும் எளிதாகும். உங்களுக்குச் சர்க்கரை அளவு கூடியிருந்தால் கேழ்வரகைக் கஞ்சியாகக் குடிப்பதைவிட அடையாகச் செய்து காய்கறியோடு உண்ணுங்கள். கஞ்சி விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். இவ்வளவுக்குப் பின்னும் சிக்கல் தீராவிட்டால் வேறு வகை இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்றித்தரும்படி உங்கள் மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.