ஊசி குதிக்கிறது, ஆம்ப் உறுமுகிறது

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். சமவெளியில் ஆடியோ செட்டுக்கு எதிரி தூசி என்றால், மலையில் ஈரம். பாதிக் கேள்விகளுக்கு விடை நூறு இருநூறு ரூபாய்ச் சாமானில் இருக்கிறது. சிலவற்றுக்கு அதுகூட வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): பழைய பங்களா, பலகைத் தரை. யாராவது நடந்தாலே ரெக்கார்டில் ஊசி குதிக்கிறது. ரெக்கார்டைச் சுற்றும் டர்ன்டேபிளுக்கு அடியில் ரப்பர் பாதம் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

மோசமாகத்தான் ஆகும். டோன் ஆர்ம் என்ற நீண்ட கையும், அதன் தலையில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை ஆடும் இயல்புள்ளவை. நடக்கும்போது பலகைத் தரை எழும்பித் தாழ்வதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். மெத்தென்ற ரப்பர் வேகமான அதிர்வைத் தடுக்கும். இவ்வளவு மெதுவான ஆட்டத்தைத் தடுக்காது, ஊஞ்சல் மாதிரி கூடவே ஆடும்.

டர்ன்டேபிளைத் தரையிலிருந்து பிரிப்பதுதான் வழி. கல்லோ செங்கல்லோ, கெட்டியான வெளிச்சுவர் ஒன்று இருக்கும் அல்லவா? அதில் இரண்டு இரும்பு பிராக்கெட்டை முடுக்கி, மேலே ஒரு கடப்பாக் கல்லைப் போடுங்கள். பலகைத் தடுப்பில் மட்டும் வேண்டாம், அதுவும் தரையோடு சேர்ந்து ஆடும். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, கல்லில் அல்ல, ரெக்கார்டு சுற்றும் தட்டின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஊசி குதித்தால் ஆர்மின் தலையில் காசு ஒட்டும் பழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. என் மாமா ஒருவர் நாலணாவை ஒட்டியே வருடக்கணக்கில் கேட்டார். இன்றைய கார்ட்ரிட்ஜ் பலவற்றுக்கும் வேண்டிய அழுத்தமே 1.5 முதல் 2 கிராம்தான். காசு மட்டுமே அதைத் தாண்டிவிடும். அவருடைய இசைத்தட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நாதஸ்வரம் உச்சிக்குப் போகும் இடமெல்லாம் கரகரப்பு. நகை எடை பார்க்கும் கையடக்கத் தராசு ஒன்று வாங்கி, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எடையில் வையுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஸ்பீக்கர் ஒயர் மீட்டர் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் கேளுங்கள். ஐந்து மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் மின்தடை 0.07 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. நானும் ஒரு காலத்தில் பாம்பு மாதிரி தடித்த ஒயருக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தவன்தான். இப்போது அது மாடியில் கொடிக்கயிறாக இருக்கிறது.

கேள்வி (ஊட்டி): தாத்தாவின் எல்பி தட்டுகளில் வெள்ளையாகப் பூசணம். துடைத்தாலும் திரும்ப வருகிறது.

உலர்ந்த துணியால் துடைத்தால் பூசணம் பள்ளத்துக்குள் இன்னும் அமுங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் நான்கு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தட்டு சுற்றும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் உள்ள காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு முறை துடைத்து, நிழலில் காயவையுங்கள்.

பெட்டியில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கனமான பழைய தட்டுகள் கலந்திருந்தால் அவற்றில் ஆல்கஹால் படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்? அதே கதிதான் பாட்டுக்கும்.

திரும்ப வருவதற்குக் காரணம் பழைய உறை. பூசண வித்து அதில்தான் குடியிருக்கிறது. உள்ளுறையை மாற்றுங்கள், தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு. துணி அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது நம் ஊர் வழக்கம்தான். தட்டுகளுக்கு அது ஆகாது, சூட்டில் வளைந்துவிடும்.

கேள்வி (கூடலூர்): வால்யூம் திருகினால் கரமுர சத்தம். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டு வருகிறது.

குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் அழுக்கும் ஈரமும் படிந்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் குமிழுக்குள் கொஞ்சம் அடித்து, இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் செருகியிருக்கும் ஒயர் பின்களை மாதம் ஒரு முறை கழற்றி மாட்டினாலே பாதி நோய் தீரும், செலவும் இல்லை.

கேள்வி (கொடைக்கானல்): சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி குறையுமா?

குறையாது, தீ பிடித்தால் ஆபத்து வேறு. வீட்டில் கம்பளி இருக்குமே? இரண்டாக மடித்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கும்கும் என்று முட்டினால் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு அடி வெளியே இழுங்கள்.

கேள்வி (குன்னூர்): டிவியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் உம்ம் என்று உறுமல்.

கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால், கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் வளையம் போட்டுக்கொண்டிருக்கின்றன. டிவியிலும் ஆம்பிலும் ஆப்டிகல் வசதி இருந்தால் அந்த ஒயரில் இணையுங்கள். அதில் போவது வெளிச்சம் என்பதால் வளையம் அறுந்துவிடும். எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இடி இடிக்கும்போது பவர் ப்ளக்கோடு இந்தக் கேபிள் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.