பிள்ளைகளின் முகத்தைக் காட்டாமல் நன்கொடை கேட்க முடியாதா?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இலவசத் துணைப்பாடம் நடத்துகிறோம். தொண்டூழியர்கள் 15 பேர். ஒரு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. பெற்றோர், நன்கொடையாளர் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் படத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்கிறார் செயற்குழு உறுப்பினர் ஒருவர். ஒரு தாயாரோ மகளின் படத்தை நீக்கச் சொல்கிறார். என்ன செய்வது? இன்ஸ்டகிராம், டிக்டாக் கணக்குகளும் தொடங்க வேண்டுமா?

பதில்: அந்தப் படத்தை இன்றே நீக்கிவிடுங்கள். செயற்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம். அதைப் பகிர்ந்த தொண்டூழியர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற தொண்டு அமைப்புகளுக்கும் பொருந்தும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. "சேரும்போதே கையெழுத்துப் போட்டாரே" என்ற வாதம் நிற்காது.

அந்தக் கையெழுத்தைப் பற்றியே கொஞ்சம் யோசிக்க வேண்டும். இலவசமாகப் பாடம் கிடைக்கும் இடத்தில் ஒரு தாய் எப்படி மறுப்பார்? மறுத்தால் பிள்ளையின் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் கையெழுத்திடுகிறார்கள். ஆகவே சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்துக் கேட்காதீர்கள். எந்தப் படம், எங்கே வெளிவரும் என்பதைக் காட்டி, பாடம் நடத்தாத ஒருவர் தமிழில் தனியாகக் கேட்கட்டும். வேண்டாம் என்றாலும் இடம் உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லட்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். மூத்த பிள்ளைகளிடமும் நேரில் கேளுங்கள். வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் அவர்களுக்குத்தான் அதிகம்.

முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. சீருடையைப் பார்த்தே பள்ளியின் பெயரைச் சொல்லிவிடலாம். அந்தப் பள்ளியின் தமிழ் வகுப்பில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? நான் உதவிய ஓர் அமைப்பு, மளிகைப் பொருள் பெற்ற ஒரு பாட்டியின் முகத்தை மறைத்துத்தான் படம் போட்டது. பின்னால் வீட்டுக் கதவெண் தெரிந்தது. மறுநாளே அண்டை வீட்டார் அவரிடம் விசாரித்தார்கள். அதன்பின் அவர் உதவி பெற வரவே இல்லை. இன்றும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் பின்னணிக்குத்தான் போகிறது.

படம் இல்லாமல் நன்கொடை வருமா? வரும். தன் பணம் என்ன ஆனது என்று அறியவே நன்கொடையாளர் விரும்புகிறார். ஒரு பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சி நூல்களுக்கு எத்தனை வெள்ளி ஆகிறது, சென்ற மாதம் எத்தனை வகுப்புகள் நடந்தன, எதற்குப் பணம் போதவில்லை என்று மாதம் ஒருமுறை எழுதுங்கள். வெண்பலகையில் பாதி போட்ட கணக்கைப் படமெடுங்கள். சனிக்கிழமைக் காலையில் ஏன் வருகிறேன் என்பதை ஒரு தொண்டூழியர் தம் முகத்தோடு, தம் பெயரோடு சொல்லட்டும். முக்கியச் செய்தியைப் படத்துக்குள் மட்டும் அச்சிடாமல் எழுத்தாகவும் போடுங்கள்; பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கைப்பேசி அதைத்தான் வாசித்துக் காட்டும்.

படத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் வாட்ஸ்அப் குழு. உதவி பெறுபவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பது எல்லா நன்கொடையாளருக்கும் தெரிகிறது. இந்த வாரமே பிரியுங்கள். நன்கொடையாளருக்கு வாட்ஸ்அப் சேனல் ஏற்றது. அதைப் பின்தொடர்வோர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. பெற்றோருக்கு வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) போதும்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் முதல் வகுப்பிலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்டகிராம், டிக்டாக் இப்போது வேண்டாம். கேள்வி கேட்பவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல ஆள் கிடைக்கும்போது தொடங்கலாம். இருக்கும் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் தேவை.

பணம் பெறுவது பொருளாளரின் சொந்த எண்ணுக்கு என்றால் அதை நிறுத்துங்கள். சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் உங்களுக்கு யூஇஎன் (UEN) எனப்படும் அமைப்புப் பதிவெண் இருக்கும். வங்கியில் அமைப்பின் கணக்கை அதனுடன் பேநவ் (PayNow) என்ற மின்பணப் பரிமாற்றச் சேவையில் இணைத்தால், பணம் அனுப்புமுன் அமைப்பின் பெயர் திரையில் தெரியும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து நன்கொடை கேட்டால் மக்கள் மோசடியோ என்று மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழைப்பார்கள், அழைக்கவும் வேண்டும். நன்கொடையாளருக்குக் கிடைக்கும் 250% வரிக்கழிவு, ஐபிசி (IPC) எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கே உரியது. அந்தத் தகுதி உங்களுக்கு இல்லையென்றால் அப்படியொரு எண்ணம் வரும்படி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

படத்தை நீக்கிய பிறகு அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழையுங்கள். படம் இப்போது இல்லை, மகளின் இடம் அப்படியே இருக்கிறது, சனிக்கிழமை அனுப்பிவையுங்கள் என்று சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம்.