கேம்பிரிட்ஜில் கார் இல்லாமல் ஊர் சுற்ற

தம்பி, ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைப் பக்கம் குடிவந்திருக்கிறோம், கார் இல்லை, ஏழு வயதுப் பையன் இருக்கிறான், சனி ஞாயிறில் கையைக் கடிக்காமல் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி கல்லூரியாக டிக்கெட் வாங்கி ஏறி இறங்க வேண்டாம். இந்த ஊரின் வேடிக்கைகளில் பாதி தெருவில்தான் கிடக்கிறது.

வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். மருத்துவமனையிலிருந்து கிரேட் ஷெல்ஃபர்டுக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை போகிறது. தரையில் நான்கு நிறத்தில் 10,257 பட்டைகள் இருக்கும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவின் வரிசை அது. அந்தப் பக்கத்திலேயே நைன் வெல்ஸ் என்ற ஊற்றுத் தோப்பு இருக்கிறது. 1610களில் அங்கிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவர வெட்டியதுதான் ஹாப்சன்ஸ் காண்டுவிட். டிரம்பிங்டன் தெருவின் இரு ஓரமும் திறந்த கல்வாய்க்காலாக இன்னும் இருக்கிறது; குளிர்காலத்தில் வறண்டு கிடக்கும். மூடியும் கிடையாது, தடுப்பும் கிடையாது. பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் போனால் ஓரம் ஒட்டாதீர்கள்.

அதே தெருவில் நேரே போனால் பெனட் தெரு முனையில் கார்ப்பஸ் கடிகாரம். முள்ளே இல்லாத தங்கத் தட்டு, மேலே வெட்டுக்கிளி மாதிரி ஒரு பூச்சி. 2008இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் திறந்துவைத்தது. ஒளிரும் கீறல்களில் உள்வட்டம் மணி, நடு வட்டம் நிமிடம், வெளிவட்டம் விநாடி. அதைப் பார்த்துப் பேருந்து பிடிக்காதீர்கள். வேண்டுமென்றே தயங்கி, பிறகு ஓடி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் சரியான நேரம் காட்டும். சரியாக மணி ஆகும்போது நின்றால் சவப்பெட்டிக்குள் சங்கிலி விழும் சத்தம் கேட்கும். பையன்கள் இதற்காகவே காத்து நிற்பார்கள்.

அடுத்தது ஆறு. பன்ட் என்பது கழியால் தள்ளிப் போகும் தட்டை அடிப் படகு. ஓட்டுநரோடு போகும் பன்ட் சவாரிக்குத் தலைக்குக் காசு. வாடகைக்கு எடுத்து நீங்களே தள்ளினால் மணிக்கணக்கில் படகுக்குக் காசு. இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் மிச்சம். படகு ஏழு மீட்டர், கழி ஐந்து மீட்டர் போல இருக்கும். பின்பக்க மேடைமேல் நில்லுங்கள். (ஆக்ஸ்ஃபர்டில் மறுமுனையில் நிற்பார்கள், அது அவர்கள் தலையெழுத்து.) கழியைப் படகின் பக்கத்தை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்துக் கையைத் தளர்த்துங்கள், தானே இறங்கும். தரை தட்டிய பிறகுதான் தள்ள வேண்டும். தள்ளி முடிந்ததும் பின்னால் தண்ணீரிலேயே இழுபட விட்டால் அதுவே சுக்கான். கழியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ, படகின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். ஆள் விழுவது பெரும்பாலும் சேற்றில் மாட்டிய கழியை விடாமல் பிடிப்பதால்தான்: படகு நகர்ந்துவிடும், அவர் மட்டும் கழியோடு தொங்குவார். ஒரு திருகு திருகி இழுங்கள். வரவில்லையென்றால் கையை விட்டுவிடுங்கள். படகில் துடுப்பு இருக்கும், திரும்பிவந்து எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

முதல் தடவை கல்லூரிகளின் பின்புறமுள்ள பேக்ஸ் பகுதியே போதும். அங்கே நடு ஆற்றில் கழி கெட்டியாக ஊன்றும். அந்தக் காலத்தில் சரக்குப் படகை இழுத்த குதிரைகள் கரையில் நடக்கக் கல்லூரிகள் விடவில்லை. அதனால் ஆற்றுக்குள்ளேயே சரளை மேடு போட்டு அதன்மேல் நடத்தினார்கள். கிராண்ட்செஸ்டர் பக்கம் மேலாற்றில் சேறும் ஆழமும் கூடுதல். அங்கே புல்வெளி வழியாக நடந்தே போகலாம். கிளேர் பாலத்தின் கல்லுருண்டைகளில் ஒன்றில் ஒரு துண்டு வெட்டிய மாதிரி குறைந்திருக்கும், பையனைத் தேடச் சொல்லுங்கள். குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை நியூட்டன் ஆணியில்லாமல் கட்டினார் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். பாலம் கட்டியது 1749இல், அவர் போய்ச் சேர்ந்தது 1727இல்.

ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்த டிரினிட்டி கல்லூரியும் இந்த ஆற்றங்கரைதான். 1976இல் அவருடைய தொலைந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது அங்குள்ள ரென் நூலகத்தில். பார்வை நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோடையில் மிட்சம்மர் காமனில் மாடு மேயும். ஒன்றும் செய்யாது, ஆனால் கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். நுழைவில் தரையில் பதித்த இரும்புக் கம்பிகளைச் சைக்கிளில் நேராகக் கடக்கணும். மழையில் அதன்மேல் பிரேக் பிடித்தாலோ திருப்பினாலோ சக்கரம் வழுக்கிவிடும்.

வெளியூர் என்றால் ஈலி. ரயிலில் கால் மணி நேரம் போல. பெரிய தேவாலயத்தில் 1322இல் இடிந்த கோபுரத்துக்குப் பதிலாக எழுப்பிய எண்கோணக் கூண்டு இருக்கிறது. வழியில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்: சதுப்பு நிலத்தை வடித்ததால் கரிமண் காய்ந்து சுருங்கி வயல்கள் தாழ்ந்துவிட்டன, சில இடங்களில் ஆறு வயலுக்கு மேலே ஓடுகிறது. ஞாயிறில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதுண்டு, முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.