வாரன் மூன்: கனடாவில் கழிந்த ஆறு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டனில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் மகனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். அவனால்தான் நானும் பார்க்க ஆரம்பித்தேன். நீங்கள் சென்ற மாதக் கட்டுரையில் வாரன் மூனை பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். அதை அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். சிறுவயதிலிருந்தே மூன் ஆடிய ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியின் ரசிகர் அவர். முகம் மாறிவிட்டது. "35-3 என்று முன்னிலையில் இருந்து தோற்றவர். ஒரு சூப்பர் பௌல் இறுதிப் போட்டிக்குக்கூடப் போகவில்லை. கனடாவில் ஜெயித்ததெல்லாம் கணக்கில் வராது. ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் என்பதால் கொண்டாடுகிறார்கள்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? மகனுக்கு அவருடைய எந்த ஆட்டத்தைக் காட்டலாம்?

ர., ஹூஸ்டன்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்த ஆயிலர்ஸ் ரசிகர் யாருக்கும் அது ஆறாத புண். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிறத்தால் மூனுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருந்ததைத்தான் பறித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, ஏழு வயதில் தந்தையை இழந்தவர். தாய் செவிலியர். வீட்டில் சகோதரிகளுக்காகச் சமைக்கவும் தைக்கவும் கற்றுக்கொண்ட பையன். பள்ளியிலேயே நல்ல கை என்று பெயர். ஆனாலும் பல்கலைக்கழகங்கள் அவரை வேறு இடத்தில் ஆடச் சொல்லின. அந்தக் காலத்தில் இது வழக்கம். குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. கறுப்பினப் பையன்களுக்கு ஓடத் தெரியும், யோசிக்க வராது என்று வெளிப்படையாகவே நம்பினார்கள். 1968இல் டென்வர் அணிக்காக எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் 14 டச்டவுன் பாஸ் எறிந்த மார்லின் பிரிஸ்கோவை, அடுத்த ஆண்டே பஃபலோவில் பந்து பிடிப்பவராக மாற்றினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரான டோனி டங்கியும் கல்லூரியில் குவார்ட்டர்பேக்தான். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது தடுப்பாட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிழைக்க வேண்டுமே.

மூன் மாற மறுத்தார். குவார்ட்டர்பேக்காகவே ஆட ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 1977 பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் தோற்ற அந்த அணியை, ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டம் வரை கொண்டுபோய் மிச்சிகனை 27-20 என்று வீழ்த்தினார். அன்றைய சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அதற்குப் பிறகும் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளிடமிருந்து இடம் மாறி ஆடும் பேச்சே வந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 1978 டிராஃப்டில் 12 சுற்றுகள் இருந்தன. அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே கனடாவின் எட்மண்டன் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சரி, கனடா கணக்கில் வராதா? அங்கே அப்போது ஆடுகளம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். அமெரிக்காவில் 100 யார்டு நீளம், 53 சொச்சம் அகலம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். முக்கியமான வித்தியாசம், பத்து யார்டு முன்னேற அமெரிக்காவில் நான்கு முயற்சிகள், கனடாவில் மூன்றுதான். கடைசி முயற்சியைப் பெரும்பாலும் பந்தை உதைத்து அனுப்பவே வைத்துக்கொள்வார்கள் என்பதால், உண்மையில் இரண்டே வாய்ப்பு. ஓடி ஓடி மூன்று நான்கு யார்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. எறிந்தே ஆக வேண்டும், அதுவும் எட்மண்டன் குளிரில். ஆரம்பத்தில் டாம் வில்கின்சன் என்ற மூத்தவரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு, காத்திருந்து கற்றார். 1978 முதல் 1982 வரை கனடாவின் சாம்பியன் கோப்பையான கிரே கப் ஐந்து முறை தொடர்ச்சியாக வந்தது. 1983இல் ஒரே பருவத்தில் 5,648 யார்டு எறிந்தார். இது கணக்கில் வராது என்று சொல்பவருக்கு எறிதல் என்ற கலை மேல் அக்கறை இல்லை என்றே நினைப்பேன்.

1984இல் என்.எஃப்.எல். அணிகள் அவருக்காகப் போட்டி போட்டன. எட்மண்டனில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த ஹியூ காம்பெல்தான் அப்போது ஹூஸ்டனுக்கும் வந்திருந்தார்; மூன் அங்கே சேர்ந்தார். முதல் ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி. அப்புறம் 1987 முதல் 1993 வரை ஏழு ஆண்டுகள் ஆயிலர்ஸ் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளை விடவில்லை. நான்கு பேரைப் பரப்பி நிறுத்தி எறிகிற 'ரன் அண்ட் ஷூட்' ஆட்டமுறை அவர் கைக்கென்றே தைத்த சட்டை. 1990 டிசம்பர் 16 அன்று கான்சஸ் சிட்டியில் ஒரே ஆட்டத்தில் 527 யார்டு. அதுவரை அதைவிட அதிகம் எறிந்தவர் 1951இல் 554 எறிந்த நார்ம் வான் ப்ராக்ளின் ஒருவர்தான்.

இனி அந்தப் புண். 1993 ஜனவரி 3, பஃபலோவில் பிளேஆஃப் ஆட்டம். இடைவேளையில் 28-3, நான்கு டச்டவுனும் மூன் எறிந்தவை. இடைவேளைக்குப் பின் 35-3. பஃபலோவின் முதல் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி காயம்பட்டு வெளியே, மாற்று ஆட்டக்காரர் ஃப்ராங்க் ரைக் களத்தில். ஏழு நிமிடத்துக்குள் நான்கு டச்டவுன் வாங்கியது ஹூஸ்டனின் தடுப்பாட்டம். ரன் அண்ட் ஷூட்டின் குறையும் அன்றுதான் அம்பலமானது. முன்னிலையில் இருக்கும்போது ஓடிக் கடிகாரத்தைத் தின்ன அதற்குத் தெரியாது. ஓடுபவருக்காக எதிரணியைத் தடுக்கப் போதிய ஆட்களை அந்த முறை வைத்துக்கொள்வதில்லை. அப்படியும் கடைசி நிமிடத்தில் மூன் அணியை நகர்த்திப் போய், பந்தை உதைத்து ஃபீல்டு கோல் அடித்து 38-38 ஆக்கினார்கள். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்து எதிரணி கைக்குப் போனது. பஃபலோ 41-38 என்று ஜெயித்தது. அந்தப் பந்து மூனின் தவறுதான், மறைக்க மாட்டேன். ஆனால் 50 முறை எறிந்து 36 முறை சக ஆட்டக்காரர் கையில் சேர்த்து, 371 யார்டும் நான்கு டச்டவுனும் கொடுத்தவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமே இல்லை. 32 புள்ளி பின்தங்கி மீண்ட பஃபலோவின் அந்தச் சாதனையே 2022இல் மினசோட்டா 33 புள்ளி பின்தங்கி ஜெயித்தபோது முறிந்தது. பிளேஆஃபில் மட்டும் இன்னும் நிற்கிறது.

சூப்பர் பௌல் வாய்க்கவில்லை, உண்மைதான். 1988இல் டக் வில்லியம்ஸ் அதை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார். மூன் வேறு வகையில் நின்றார்: நாற்பது வயதைத் தாண்டி சியாட்டலில் 3,678 யார்டு எறிந்து, அந்தப் பருவத்தின் ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். என்.எஃப்.எல்.லில் மட்டும் 49,325 யார்டு. கனடாவின் 21,228ஐச் சேர்த்தால் எழுபதாயிரத்துக்கு மேல். 21 வயது முதல் 27 வயது வரையிலான ஆண்டுகள் அமெரிக்கக் கணக்கில் இல்லாமலேயே அந்த 49,325 என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

2006இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றபோது, வெறும் குவார்ட்டர்பேக்காகவே தன்னை எடைபோட வேண்டும் என்று எப்போதும் விரும்பியதாகவும், அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் என்ற பேச்சு தனக்குச் சங்கடம் தருவதாகவும், ஆனாலும் அதன் பொருளை ஏற்றுக்கொள்வதாகவும் பேசினார். 2023 சூப்பர் பௌலில் பேட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ் என இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் தொடங்கியபோது, இவர்களை யாரும் இடம் மாறச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மகனுக்கு 1981 கிரே கப் இறுதி ஆட்டத்தைக் காட்டுங்கள். எதிரணி ஒட்டாவா, அந்தப் பருவத்தில் ஐந்தே வெற்றி பெற்ற அணி. இடைவேளையில் எட்மண்டன் 1-20 என்று பின்தங்கியிருந்தது. மூன் மோசமாக ஆடியதால் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினார். கடைசி நொடிகளில் டேவ் கட்லர் உதைத்த பந்தில் 26-23 வெற்றி. பார்த்து முடித்ததும் 1993 ஆட்டத்தையும் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் உங்கள் நண்பரையும் வீட்டுக்கு அழையுங்கள்.

அன்புடன்