அடுத்த வருஷம் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து பதில் எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது, வேலை விடவில்லை, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. ஆகஸ்டில் ஆன் ஆர்பருக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்திருக்கிறீர்கள். வந்த நாளிலிருந்து ஆளாளுக்கு "இங்கே ஃபுட்பால்தான் உயிர்" என்கிறார்கள், நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். ஆனால் ரூம்மேட்டோடு பக்கத்து ஊர் இப்சிலாண்டியில் ஒரு கேம் பார்க்கப் போனால் பாதி ஸ்டேடியம் காலி, இருந்த மாணவர்களும் ஹாஃப்டைமில் எழுந்து போய்விட்டார்கள். "மோகம் போய்விட்டதா அக்கா? அடுத்த வருஷம் எல்லா ஹோம் கேமுக்கும் சேர்த்து எடுக்கிற சீசன் டிக்கெட்டுக்குக் காசு போடலாமா, டிவியில் பார்த்தால் போதாதா?" என்று கேட்கிறீர்கள்.

போடுங்கள். என் பதில் அதுதான். ஆனால் அந்தப் பெஞ்சுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று தெரிந்துகொண்டு போடுங்கள், இல்லாவிட்டால் "இந்த ஊர்க்காரர்களுக்கே பிடிக்காததில் நமக்கென்ன" என்று ஒதுங்கிவிடுவீர்கள். நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நாலு வருஷத்தை ஆய்வகம், அறை, இந்தியன் கடை என்றே ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் பார்த்ததும் உண்மை, ஊர் சொல்வதும் உண்மை. ஆறேழு மைல் தூரத்தில் இரண்டு ஸ்டேடியம். உங்கள் பல்கலைக்கழகத்தின் 'பிக் ஹவுஸ்' 1,07,601 இருக்கை, 1975 நவம்பரிலிருந்து அங்கே ஒவ்வொரு ஹோம் கேமுக்கும் லட்சத்துக்குக் குறையாத கூட்டம் என்பது கணக்கு. கோவிட் வருஷத்தில் ரசிகர்களையே உள்ளே விடவில்லை என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. இங்கே இப்சிலாண்டியில் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரைனர்சன் ஸ்டேடியம், 2014இல் போட்ட சாம்பல் நிற ஆடுகளம், அக்கம்பக்கத்து ஆட்கள், அவ்வளவுதான். சேப்பாக்கத்தில் ஐபிஎல்லும் நடக்கும், ரஞ்சியும் நடக்கும் இல்லையா, அந்த மாதிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க மேல் பிரிவில் 130க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன, அவற்றில் பிக் ஹவுஸ் மாதிரி நிரம்புவது கொஞ்சம்தான். அந்தப் பிரிவின் சராசரிக் கூட்டம் 2008இல் ஒரு கேமுக்கு 46,000க்கு மேல் இருந்தது, 2018இல் 42,000க்குக் கீழே போனது, 1996க்குப் பிறகு அதுதான் குறைவு. அதுவும் விற்ற டிக்கெட்டை வைத்து அறிவிக்கிற எண்ணிக்கை. வாசலில் உண்மையாக ஸ்கேன் ஆன டிக்கெட்டை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பல கல்லூரிகளிடமிருந்து கேட்டு வாங்கி 2018இல் வெளியிட்டது. அறிவித்ததில் சுமார் 71 சதவீதம்தான் வந்திருக்கிறார்கள். நூறு பேர் என்று சொன்னால் எழுபத்தோரு பேர். நீங்கள் கண்ணால் பார்த்தது அந்த மிச்சம் இருபத்தொன்பது பேரின் இடத்தைத்தான்.

ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் டிவியில்தான் போய் முட்டுகின்றன. இதில் ஒரு பழைய கதை உண்டு. ஐம்பதுகளின் ஆரம்பத்திலேயே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, டிவியில் காட்டினால் ஸ்டேடியத்துக்கு ஆள் வராது என்று பயந்து, வாரத்துக்கு இத்தனை கேம், ஓர் அணிக்கு இத்தனை தடவை என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன, 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அப்புறம் மடை திறந்தாற்போல் எல்லா கேமும் டிவிக்கு வந்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு பிக் டென் கான்ஃபரன்ஸ், அது மட்டும் 2022இல் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை மணிக்கு ஆட வேண்டும் என்பதையும் சொல்வார்கள்தானே. ஆட்டம் தொடங்குகிற கிக்ஆஃப் நேரம் பல கேம்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் தெரியும், சிலதுக்கு ஆறே நாள். பகல் பன்னிரண்டா, ராத்திரி ஏழரையா என்று தெரியாமல் இருநூறு மைல் தள்ளியிருந்து வருகிற குடும்பம் எப்படி ஹோட்டல் போடும், பிள்ளைகளை எங்கே விடும்?

ஆட்ட நேரம் அறுபது நிமிடம்தான், ஆனால் முடிய மூன்று மணி இருபது நிமிடம் ஆகிவிடுகிறது. நடுவில் விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்துவார்கள். வீட்டில் இருந்தால் எழுந்து காபி போட்டுக்கொண்டு வரலாம். ஸ்டேடியத்தில், சாய்வில்லாத அலுமினிய பெஞ்சில், சில்லென்ற காற்றில், இருபத்திரண்டு பேர் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2023இல் கடிகாரத்தை அடிக்கடி நிறுத்தாதபடி விதியை மாற்றினார்கள், கொஞ்சம் சுருங்கியது, விளம்பரம் சுருங்கவில்லை.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். வில்லோ ரன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் மதுரையிலிருந்து வந்து இப்சிலாண்டியில் குடியேறிய புதிதில், எதிரே வந்தால் ஹலோ, பனி பெய்தால் பனியைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. 2007 செப்டம்பர் 1, அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை, பிக் ஹவுஸ் டிக்கெட் ஒன்று வீணாகப் போகிறது, வருகிறாயா என்று கேட்டார். எனக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. அப்பலாச்சியன் ஸ்டேட் என்று கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு சின்ன அணி, இந்த மாதிரி அணிகளைப் பெரிய கல்லூரிகள் காசு கொடுத்துக் கூப்பிட்டுத் தோற்கடிப்பது வழக்கம். அன்றைக்கு அவர்கள் 34-32 என்று மிச்சிகனை ஜெயித்துவிட்டார்கள், மிச்சிகன் ஜெயிக்கப் பார்த்த கடைசி உதையை அவர்களில் ஒருவன் கையால் தடுத்தான், எங்களைச் சுற்றி லட்சத்துக்கும் மேல் ஆட்கள், சத்தமே இல்லை. இவர் மட்டும் எழுந்து நின்று எதிரணிக்குக் கை தட்டினார். திரும்பி நடந்து வருகிற வழி முழுக்க முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் பேசினார்கள், ஆறுதல் கேட்டார்கள், சொன்னார்கள். அந்த ஊருக்கு வந்து அத்தனை நாளில் முதல் தடவையாக "நீ எந்த நாடு" என்று யாரும் கேட்காத மூன்று மணி நேரம் அதுதான். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் பத்து வருஷம் எங்கள் வீட்டுக் கொலு அவர்கள் வராமல் நடந்ததில்லை.

அந்த மனிதரே, எழுபதுகளிலிருந்து வைத்திருந்த சீசன் டிக்கெட்டை ஒரு வருஷம் விட்டுவிட்டார். காசு காரணமா என்றேன். அதுவும் உண்டு என்றார். நல்ல இடம் வேண்டுமானால் டிக்கெட் விலைக்கு மேல் நன்கொடையும் தர வேண்டும் என்பது இப்போது பெரிய கல்லூரிகளில் சகஜம், முன்பு அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிக் கழிவு கிடைத்தது, 2018இலிருந்து அதுவும் இல்லை. ஆனால் அவரை உறுத்தியது நேரம்தான். "முன்பெல்லாம் சனிக்கிழமை ஒரு மணி என்றால் ஒரு மணி. சர்ச் நேரம் மாதிரி. இப்போது யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்" என்றார். ராத்திரி கேம் முடிந்து வாகன நெரிசலில் இரண்டு மணி நேரம் நிற்க அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த டிக்கெட் வரிசையில் பக்கத்தில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவர்களை அதற்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை. வீட்டில் பெரிய டிவி வாங்கினார். டிவியில் ஆட்டம் நன்றாகவே தெரிகிறது. அந்த மனிதர்கள் டிவியில் தெரிய மாட்டார்களே, தம்பி. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

மாணவர்கள் விஷயம் வேறு. அவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுகிறவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே 2013இல் மாணவர் டிக்கெட்டை விலை ஏற்றி, முன்னால் வருகிறவருக்கு முன் இடம் என்று மாற்றினார்கள். நண்பர்கள் சேர்ந்து உட்கார வழி இல்லாமல் போனது, அணியும் தோற்றுக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமே மாணவர் டிக்கெட் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2014இல் ஒரு கேமுக்கு இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்று கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த அக்டோபர் கடைசியில் விளையாட்டுத் துறைத் தலைவர் பதவி விலகினார், 2015க்கு மாணவர் சீசன் டிக்கெட்டை 175 டாலராகக் குறைத்தார்கள், பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மதித்தால் வருகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அலபாமாவில் இன்னொரு வழி பார்த்தார்கள். அங்கே அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது, ஆனால் மாணவர்கள் பாதியில் கிளம்புகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். 2019இல் ஒரு ஆப் கொண்டுவந்தார்கள், கடைசிக் கால் பகுதி வரை ஸ்டேடியத்தில் இருந்தால் புள்ளி, அந்தப் புள்ளியை வைத்துப் பெரிய கேம்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. போனை வைத்து ஆளைக் கண்காணித்து உட்காரவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் இருக்கிறது பாருங்கள், அவர்கள் ஆடிவந்த ரோஸ் பவுல் ஸ்டேடியம் கல்லூரி வளாகத்திலிருந்து 25 மைலுக்கு மேல், அதுவும் அந்த ஊர் ட்ராஃபிக்கில். 2022இல் முதல் கேம் செப்டம்பர் ஆரம்பத்தில், கொளுத்துகிற வெயில், அவர்களுக்கு வகுப்பே செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும், மாணவர்கள் ஊரிலேயே இல்லை. 27,143 பேர் என்று அறிவித்தார்கள், 1982இல் அங்கே ஆடத் தொடங்கியதிலிருந்து அதுதான் மிகக் குறைவு. இதைக் காட்டி "ஃபுட்பால் செத்துவிட்டது" என்று எழுதினால் நியாயமா? நெப்ராஸ்காவில் 1962இலிருந்து ஒரு ஹோம் கேம்கூட டிக்கெட் மிச்சமாகவில்லை, அணி வருஷக்கணக்கில் தோற்றபோதும்.

நீங்கள் போய்ப் பார்த்த இப்சிலாண்டி அணிக்கு வருகிறேன். நவம்பரில் அந்தப் பெஞ்சுகள் இன்னும் காலி. இந்த அணி ஆடுகிற மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் நவம்பர் வந்தால் செவ்வாய், புதன் இரவுகளில் கேம் வைப்பார்கள். சனிக்கிழமை பெரிய அணிகள் டிவியை அடைத்துக்கொள்வதால், வாரநாளில் ஆடினால்தான் நாடு முழுக்கக் காட்டுவார்கள். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்களும், மறுநாள் பரீட்சை எழுதுகிறவர்களும் உறைகிற குளிரில் வந்து உட்கார முடியுமா? டிவியில் பார்க்கிறவர்கள் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்து இந்த ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. நான் முன்னே சொன்ன மேல் பிரிவில் நீடிக்கச் சராசரி 15,000 பேர் காட்ட வேண்டும் என்று வெகுகாலம் ஒரு விதி இருந்தது, விற்ற டிக்கெட்டையும் கணக்கில் காட்டலாம் என்பதால் குளிர்பானக் கம்பெனி ஒப்பந்தப் பணத்தில் மலிவாக டிக்கெட் வாங்கிக் கணக்கை நிரப்பிய கல்லூரியும் உண்டு. நிஜ ஆட்கள் பெஞ்சில் வந்து சேரவில்லை.

என் மகள் கல்லூரி மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். ஆகஸ்ட் வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடி பிசகாமல் நடந்து நடந்து பழகுவார்கள். ஹாஃப்டைமில்தான் அவர்கள் முறை. அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்துக்கு, காருக்குப் பின்னால் கூடிச் சாப்பிட்டுக் குடிக்கிற டெயில்கேட் பார்ட்டிக்குத் திரும்பிப் போவார்கள், போனவர்கள் வருவதில்லை. ஒரு நவம்பர் புதன்கிழமை, விரல் நுனி வெட்டிய கையுறையோடு அவள் வாசித்தபோது எதிர்ப் பக்க பெஞ்சில் இருந்தவர்களை என்னால் எண்ணிவிட முடிந்தது. நானும் என் கணவரும் அந்தப் பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்தோம், அவள் திரும்பும்போது யாராவது தெரியட்டும் என்று. அன்றிலிருந்து நான் ஹாஃப்டைமில் எழுந்ததில்லை.

சரி, உங்கள் காசு விஷயம். அடுத்த வருஷத்துக்கு மாணவர் சீசன் டிக்கெட் எடுங்கள், மாணவராக இருக்கும்வரைதான் அந்த விலை. விற்பனைக்கு வருகிற மின்னஞ்சலைத் தவறவிடாதீர்கள். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடுகிற கேம் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே, இங்கே வருகிற வருஷம் என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்த வருஷம் ஒரு கேமாவது பார்க்க வேண்டும் என்றால் சின்ன அணிகளோடு நடப்பதைப் பாருங்கள், மறுவிற்பனையில் விலை நன்றாக இறங்கும். விதி தெரியவில்லையே என்று தயங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "இப்போது என்ன ஆனது" என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி மாளாது.

நவம்பரில் இப்சிலாண்டி வாரநாள் கேம் ஒன்றுக்கு நாங்கள் போகிறோம். மகள் இப்போது வேலைக்குப் போய்விட்டாள், இருந்தாலும் போகிறோம். பெரியவரும் முழங்கால் நன்றாக இருந்தால் வருவார், இந்த ஸ்டேடியத்தில் கார் வாசல் பக்கத்திலேயே நிறுத்தலாம். நீங்களும் ரூம்மேட்டும் வாருங்கள், டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன். பேன்ட்டுக்கு உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள், சாக்ஸ் இரண்டு ஜோடி, பெஞ்சில் விரிக்க ஒரு பழைய போர்வை. கேம் முடிந்ததும் எங்கள் வீட்டில் சூடாக ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.