டொக்டர்கள் ஏன் தொழிலை விட்டு அரசியலுக்கு வருகிறார்கள்? மக்களுக்கு அது நட்டம்தானே?

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு டொக்டரின் பின்னேர டிஸ்பென்சரியில் நாலு வருடம் நம்பர் துண்டு கொடுத்தவன். அவர் தேர்தலில் நின்றதையும் தோற்றதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1949இல் செல்வநாயகத்தோடு சேர்ந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டொக்டர் ஈ.எம்.வி. நாகநாதன். 2024 பொதுத்தேர்தலில் மட்டக்களப்பின் 5 ஆசனங்களில் அந்தக் கட்சி எடுத்தது 3. அதில் ஒன்று வைத்தியர் இளையதம்பி சிறிநாத்துக்கு.

எங்கள் பக்கம் டொக்டர் என்றால் ஏற்கெனவே பாதி எம்.பி. மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதை ஏறி (வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம்) சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க ஓர் அம்மா வருவார். மருந்துத் துண்டை மடியில் செருகிய பிறகுதான் உண்மையான கதை தொடங்கும். மகனுக்கு வேலை இல்லை, வயலுக்குள் யானை இறங்கிவிட்டது, கடன்காரன் வாசலில் நிற்கிறான். ஒருநாள் அவர் போனதும் டொக்டர் என்னைப் பார்த்து, "மனே, மூணு நேரமும் வெறுஞ்சோறு திங்கிற மனிசிக்கு நான் மெட்ஃபோர்மினத் தவிர வேற என்னத்த எழுத?" என்றார்.

ஆஸ்பத்திரிக் குறைகளும் அப்படித்தான். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ். கிராமத்து ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். கிழக்கு மாகாண சபையோ 2017இல் காலம் முடிந்து கலைந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் இல்லை, ஆளுநர்தான். யாரிடம் போய்ச் சொல்வது? சரி, நாமே போவோம் என்று சிலருக்குத் தோன்றுகிறது.

எங்கள் டொக்டர் அரச வேலையை விட்டு விலகித் தேர்தலில் இறங்கினார். கட்சிப் பட்டியலில் எட்டுப் பேர். வாக்காளர் அதில் மூன்று பேருக்குத்தான் விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்குக் கிடைக்கிற ஆசனம் அந்த வாக்குக் கூடியவர்களுக்குத்தான். ஆகவே உங்கள் முதல் எதிரி உங்கள் போஸ்டரிலேயே பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர். இதை அவர் கடைசி வாரத்தில்தான் விளங்கிக்கொண்டார், பாவம்.

நட்டமா என்றால், ஆம். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிந்தியாவது வேறு டொக்டர் வருவார். போனது அவருடைய ஏச்சு. கசிப்புக் குடித்து ஈரல் பழுதான ஓர் அண்ணன் கிளினிக்குக்கு வருவார். "இனிக் குடிச்சிட்டு இந்தப் படி ஏறாத" என்று டொக்டர் அவரை ஏசாத நாள் இல்லை. பிரசாரத்துக்கு வீடு வீடாகப் போனபோது அதே ஆள் கசிப்பு வாசத்தோடு வேலியில் சாய்ந்து நின்றார். டொக்டர் அவர் கையைப் பிடித்து, "எப்படி அண்ணன், சுகமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். எனக்கு அன்றுதான் மனம் கசந்தது. அவருக்கும் கசந்திருக்கும், திரும்பி வரும்வரை வாகனத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

தோற்று இரண்டு கிழமைக்குப் பிறகு டிஸ்பென்சரியைத் திறந்தார். முதல் நாள் பதினோராம் நம்பர் அந்த ஈரல் அண்ணன். உள்ளே விழுந்த ஏச்சு ரோட்டு வரைக்கும் கேட்டது. வாங்கில் இருந்த சனமெல்லாம் ஒரே சிரிப்பு.